யூனிவேர்சல் பாக்கப் போறம், எங்க தங்கிறது?

பயணம் போவம்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதமும் வாட்ஸ்அப் மெசேஜும் முக்கால்வாசி ஒரே விஷயம்தான். பிள்ளையளை ஒரு தீம் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போகப்போறம், எங்க ரூம் எடுக்கிறது எண்டு. நாலு கேள்வியைத் தெரிஞ்செடுத்திருக்கிறன். வன்னியில இருந்து வெளிக்கிட்டா எந்தப் பார்க்கும் கிட்ட இல்லை, ஒரு இரவு பஸ்ஸோ ஒரு பிளேனோ ஏறித்தான் ஆகவேணும். எத்தினையோ மாசம் சீட்டுக் கட்டிச் சேர்த்த காசில போற பயணம் இது, அதால எனக்குத் தெரிஞ்சதை ஒளிக்காமல் நீட்டியே எழுதியிருக்கிறன்.

கேள்வி: வணக்கம் அக்கா. ஆகஸ்ட் லீவுக்கு சிங்கப்பூர் போக இருக்கிறம், நாலு இரவு. நான், இவர், மகனுக்கு 9 வயசு, மகளுக்கு 4, மற்றது மாமி. மாமிக்கு முழங்கால் நோ, சுகருக்கு ஊசி போடுறவ, செவ்வாய் வெள்ளி சைவம். பிள்ளையளுக்கு யூனிவேர்சல் ஸ்டூடியோஸ் பாக்கவேணுமெண்டு ஒரே ஆசை. ஏஜென்சிக்காரர் சொல்லுறார் செந்தோசாவுக்குள்ளயே ஹோட்டல் எடுங்கோ, வெளிய வந்தா பார்க் வாசல் எண்டு. இவரின்ர மச்சான் அங்க வேலை செய்தவர், அவர் லிட்டில் இந்தியாவில நில்லுங்கோ எண்டுறார். ரெண்டுக்கும் விலை வித்தியாசத்தைப் பாக்கத் தலை சுத்துது. என்ன செய்யிறது?
கரடிப்போக்கு, கிளிநொச்சி

பதில்: தங்கச்சி, மச்சான் சொன்னதுதான் சரி. லிட்டில் இந்தியாவில நில்லுங்கோ, இல்லாட்டி அதுக்கு அடுத்த ஸ்டேஷன் ஃபேரர் பார்க்கில. நாலு இரவும் ஒரே இடம், நடுவில பெட்டி கட்டி மாறவேண்டாம்.

ஏனெண்டு சொல்லுறன். யூனிவேர்சல் ஒரு நாளில பாத்து முடிக்கிற பார்க். நாலு இரவில ஒரு நாள்தான் அந்த வாசலுக்குப் போகப்போறியள், மிச்சம் சனம் வழமையாப் பாக்கிற மிருகக்காட்சிசாலை, மெரினா பே, கோயில், முஸ்தபா கடை எல்லாம் செந்தோசாத் தீவுக்கு வெளியால இருக்கு. அங்க நிண்டா ஒரு நாள் சுகம், மற்ற நாளெல்லாம் மாமியையும் கூட்டிக்கொண்டு தீவை விட்டு வெளிய வாறதும் பேந்து உள்ள போறதுமா இருக்கும். இங்கால லிட்டில் இந்தியாவில இருந்து பார்க்குக்குப் போறது லேசு. லிட்டில் இந்தியா ஸ்டேஷனும் ஹார்பர்ஃப்ரண்ட் ஸ்டேஷனும் ஒரே ஊதாக் கலர் லைன், ஏறி இருந்தா எங்கயும் மாறாமல் கடைசி ஸ்டேஷனில இறங்கிறது, கால் மணித்தியாலத்துக்குள்ள போயிடலாம். மேல வந்தா விவோசிட்டி எண்ட பெரிய மோல், அதின்ர மூண்டாம் மாடியில செந்தோசா எக்ஸ்பிரஸ் நிக்கும், முதல் நிறுத்தமே ரிசோர்ட்ஸ் வேர்ல்ட், இறங்கினா பார்க். தீவுக்குள்ள போக ஆளுக்கு 4 சிங்கப்பூர் டொலர், திரும்பி வர காசு எடுக்கமாட்டினம்.

நான் உங்களுக்கு ஒண்டு சொல்லுறன், இது மற்றக் கேள்விகளுக்கும் பொருந்தும். ஹோட்டல் தேடேக்கை எல்லாரும் மேப்பைத் திறந்து பார்க்குக்கு எத்தினை கிலோமீட்டர் எண்டு பாக்கினம். அதுக்கு முதல் உங்கட வீட்டில ஆர் முதல்ல களைச்சுப் போவினம் எண்டு பாருங்கோ. உங்கட வீட்டில அது மாமி. அவவுக்கு என்ன வேணும், காலமை இடியப்பமோ இட்டலியோ, வெள்ளிக்கிழமை ஒரு கோயில், இருந்து எழும்ப உயரமான கட்டில், ஊசி மருந்து வைக்க ஃபிரிட்ஜ். லிட்டில் இந்தியாவில தேக்கா சந்தையும் சைவக்கடையளும் காலடியில, சிராங்கூன் ரோட்டில வீரமாகாளியம்மன் கோயில், தமிழிலயே கேட்டு வாங்கிச் சாப்பிடலாம். நீங்கள் நாலு பேரும் பார்க்கில நிண்டாலும் மாமி பயமில்லாமல் றோட்டுக்கு இறங்கக்கூடிய இடம் அது. ஒருநாள் பின்னேரம் அவவை சிலோன் ரோட்டில இருக்கிற செண்பக விநாயகர் கோயிலுக்கும் கூட்டிக்கொண்டு போங்கோ, அந்தக் காலத்தில அங்க வேலைக்குப் போன எங்கட ஆக்கள் தொடங்கின கோயில், மனுசி நல்லாச் சந்தோஷப்படுவா.

மகள் கைக்குழந்தை எண்டு எழுதியிருந்தா நான் வேற மாதிரித்தான் சொல்லியிருப்பன். ரெண்டு வயசுக்குள்ள பிள்ளை எண்டா மத்தியானம் ரூமுக்குக் கொண்டுபோய் ஒரு மணித்தியாலம் படுக்க வைச்சுட்டுத் திரும்பி வரவேணும், அதுக்கு வாசலோட இருக்கிற ஹோட்டலுக்கு ஒரு இரவு குடுக்கிற காசு வீண் இல்லை. 4 வயசுப் பிள்ளை தள்ளு வண்டிலிலயே படுக்கும், வண்டிலும் சக்கர நாற்காலியும் பார்க்கிலயே வாடகைக்குக் கிடைக்கும். மாமி வாறா எண்டா கூச்சப்படாமல் சக்கர நாற்காலி எடுங்கோ, நாள் முழுக்க நடக்க வைச்சா அடுத்த ரெண்டு நாளும் அவ கட்டிலை விட்டு எழும்பமாட்டா.

இனி ரூம் விஷயம், இதிலதான் எங்கட சனம் கூட மாட்டுப்படுறது. நீங்கள் பெரிய ஆக்கள் மூண்டு, பிள்ளையள் ரெண்டு. சிங்கப்பூரில சாதாரண ரூம் ரெண்டு பெரிய ஆக்களுக்கும் ஒரு சின்னப் பிள்ளைக்கும்தான், அஞ்சு பேரும் ஒரு ரூமில பாய் விரிச்சுப் படுப்பம் எண்டா விடமாட்டினம். ஏஜென்சி தந்த விலை ஒரு ரூமுக்கோ ரெண்டுக்கோ எண்டு கேளுங்கோ, அதை எழுத்தில வாங்குங்கோ. என்னைக் கேட்டா பக்கத்துப் பக்கத்தில ரெண்டு ரூம், ஒண்டில மாமியும் மகனும். நடுவில கதவு வைச்ச ரூம் இருக்கோ எண்டு விசாரிச்சுப் பாருங்கோ.

விலைக்குப் பக்கத்தில ரெண்டு கூட்டல் அடையாளம் போட்டிருந்தா அது கடைசி விலை இல்லை. முதல்ல 10 வீதம் சேர்விஸ் சார்ஜ், அதுக்கு மேல 9 வீதம் ஜிஎஸ்டி வரி. 200 டொலர் எண்டு காட்டினா நீங்கள் கட்டுறது 239 டொலர் 80 சதம், நாலு இரவு ரெண்டு ரூம் எண்டு பெருக்கிப் பாருங்கோ எவ்வளவு வித்தியாசம் எண்டு. இன்னொண்டு, லிட்டில் இந்தியாவில மலிவான ஹோட்டல் கனக்க யன்னல் இல்லாத ரூம் வைச்சிருக்கினம். படத்தில திரைச்சீலை தொங்கும், அதுக்குப் பின்னால சுவர்தான் இருக்கும். முற்றமும் வேப்பமரமும் எண்டு இருந்து பழகின மாமிக்கு அது மூச்சு முட்டும். புக் பண்ணேக்கை யன்னல் இருக்கோ, லிஃப்ட் இருக்கோ, டொய்லெட்டில கழுவுற தண்ணிப் பைப் இருக்கோ எண்டு மூண்டையும் கேளுங்கோ. சின்ன ஹோட்டல் சிலது பழைய கடைவீட்டு மாடி, ஏணிப்படி மாதிரிச் செங்குத்தா ஏறும், மாமியின்ர முழங்காலுக்கு அது சரிவராது.

கட்டுநாயக்காவில இருந்து சிங்கப்பூர் நாலு மணித்தியாலம் மட்டில, நேரம் எங்களை விட ரெண்டரை மணித்தியாலம் முன்னுக்கு. இரவுப் பிளைட் எடுத்தா விடிய அங்க நிப்பியள், ரூம் தாறது பின்னேரம் 2 மணி 3 மணிக்கு. சாமானை ஹோட்டலில வைச்சுட்டுப் போகலாம், அதுக்குக் காசு எடுக்காத ஹோட்டல்தான் கூட, ஆனா அண்டைக்கே பார்க்குக்குப் போகாதேங்கோ. நித்திரை இல்லாத பிள்ளையளோட அவ்வளவு விலையான ரிக்கெட்டைப் பாழாக்கிறது பாவம். ரெண்டாம் நாளோ மூண்டாம் நாளோ போங்கோ, சனி ஞாயிறைத் தவிருங்கோ.

போக முதல் மகனின்ர உயரத்தைச் சப்பாத்தோட அளந்து பாருங்கோ. பெரிய ரோலர் கோஸ்டர் பேட்டில்ஸ்டார் கலாக்டிக்காவுக்கு 125 சென்ரிமீட்டர் வேணும், மம்மி ரைடுக்கு 122. அங்க போய் வரிசையில நிண்டு கடைசியில அளந்து திருப்பி அனுப்பினா பிள்ளை அழும், வீட்டிலயே சொல்லி வைச்சா அழமாட்டான். மகளுக்கு 2025 இல திறந்த மினியன் லாண்ட் பிடிக்கும். 4 வயசுக்குக் கீழ ரிக்கெட் இல்லை, உங்கட மகளுக்கு 4 முடிஞ்சதால எடுக்கவேணும்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் லிட்டில் இந்தியா றோட்டெல்லாம் சனம் நிரம்பி வழியும், தமிழ்நாட்டுப் பெடியளும் வங்காளதேசப் பெடியளும் ஒரு நாள் லீவில சேர்ந்து நிண்டு கதைக்கிற நாள் அது. பயப்பிட ஒண்டுமில்லை, எங்கட வீட்டுப் பிள்ளையளும் இப்பிடித்தானே வெளிநாட்டில நிண்டு உழைக்குதுகள். அந்த நேரத்தில பெட்டி இழுத்துக்கொண்டு போறது மட்டும் கஷ்டம், ஞாயிறில போய் இறங்காமல் பாருங்கோ.

எங்கட பாஸ்போர்ட்டுக்கு சிங்கப்பூர் விசா முதலே எடுக்கத் தேவையில்லை. போக முதல் மூண்டு நாளுக்குள்ள ஒன்லைனில அரைவல் கார்ட் நிரப்பவேணும், அது இலவசம், அதுக்கு ஆரும் காசு கேட்டா குடுக்காதேங்கோ. பாஸ்போர்ட்டில ஆறு மாசமாவது இருக்கவேணும். ஹோட்டல் புக்கிங்கையும் திரும்பிற ரிக்கெட்டையும் பேப்பரில பிரிண்ட் எடுத்துக் கையில வைச்சிருங்கோ, கேட்டா உடன காட்டலாம். கிரெடிட் கார்ட் இல்லாட்டி ஹோட்டல் டெபொசிட்டைக் காசா வாங்குவினமோ எண்டும் முதலே கேளுங்கோ. கிளிநொச்சியில ஏறேக்கை புத்தளம் ரோட்டால போற பஸ் எடுத்தா அது நீர்கொழும்பு, கட்டுநாயக்காப் பக்கத்தாலதான் கொழும்புக்குப் போகும், அதிலயே இறங்கலாம், கொழும்பு போய்த் திரும்பி வாற அலைச்சல் மிச்சம்.

கேள்வி: அக்கா, நான் செயற்கைக் கால் போட்ட ஆள், முழங்காலுக்குக் கீழ. ரெண்டு பெட்டையள், 12, 10. பலாலியால சென்னை போய் அஞ்சு நாள் நிக்கப்போறம். பிள்ளையளுக்குத் தண்ணிப் பார்க், மனுசிக்கு தி.நகரில சேலை. ஹோட்டல் பார்க் பக்கமோ தி.நகர் பக்கமோ? போன முறை தமிழ்நாட்டில ஒரு லொட்ஜில சிலோன் பாஸ்போர்ட் எண்டதும் ரூம் இல்லை எண்டிட்டினம், பிள்ளையளோட றோட்டில நிண்டது இன்னும் மனசில இருக்கு.
புதுக்குடியிருப்பு

பதில்: தம்பி, அந்த லொட்ஜ் விஷயத்தை முதல்ல சொல்லுறன், ஏனெண்டா அது பிள்ளையள் முன்னால நடக்கக்கூடாத விஷயம். இந்தியாவில வெளிநாட்டுப் பாஸ்போர்ட் ஆரை வைச்சிருந்தாலும் ஹோட்டல்காரர் 24 மணித்தியாலத்துக்குள்ள ஃபோர்ம் சி எண்டு சொல்லுற, தங்கிற ஆளின்ர விபரப் படிவத்தை அரசாங்கத்துக்கு ஒன்லைனில போடவேணும். சின்ன லொட்ஜ் கனபேர் அதுக்குப் பதிவு செய்யேல்லை, அதாலதான் ரூம் இல்லை எண்டு ஒரே வசனத்தில அனுப்பிவிடுறது. உங்களில ஒரு குறையும் இல்லை. இனிமேல் காசு கட்ட முதல் ஹோட்டலுக்கே கோல் எடுங்கோ, இல்லாட்டி வாட்ஸ்அப்பில எழுதுங்கோ: ஸ்ரீலங்கா பாஸ்போர்ட், நாலு பேர், ஃபோர்ம் சி போடுவீங்களோ? ஓம் எண்ட பதிலை ஃபோனில சேமிச்சு வையுங்கோ. அப்பில புக் பண்ணினாலும் கீழ சின்ன எழுத்தில இந்திய அடையாள அட்டை மட்டும்தான் எண்டு போட்டிருக்கோ எண்டு பாருங்கோ. எல்லாரின்ர பாஸ்போர்ட், விசாப் பக்கமும் கொப்பி எடுத்துக்கொண்டு போங்கோ.

எந்தப் பக்கம் எண்டு கேட்டா, எனக்குப் பிடிச்ச இடம் திருவான்மியூர். சென்னையில பார்க்குகள் எண்டா, விஜிபி ஈசிஆர் எண்ட கிழக்குக் கடற்கரைச் சாலையில ஈஞ்சம்பாக்கத்தில, எம்ஜிஎம் அதே ரோட்டில இன்னும் அங்கால முட்டுக்காட்டில, 2025 டிசம்பரில திறந்த வொண்டர்லா ஓஎம்ஆர் எண்ட பழைய மாமல்லபுரம் ரோடு தாண்டி திருப்போரூர்ப் பக்கம், எல்லாம் தெற்கால. ஈசிஆர் தொடங்கிறதே திருவான்மியூரிலதான். அங்க நிண்டா பார்க் நாளில சிற்றி நெரிசலுக்குள்ள போகத்தேவையில்லை, மருந்தீஸ்வரர் கோயில் இருக்கு, கடல் கிட்ட, சாப்பாட்டுக்கடை கனக்க, சேலைக்குத் தி.நகர் போறதும் ஓட்டோவில போய் வாற தூரம்தான். பார்க்குக்குப் பக்கத்திலயே ரிசோர்ட் எடுத்தா பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு வெளிய ஒரு தேத்தண்ணி குடிக்கவும் வாகனம் தேடவேணும், விலையும் கூட.

பார்க் நாளுக்கு மட்டும் கார் பேசுங்கோ, 8 மணித்தியாலம் 80 கிலோமீட்டர் எண்டு ஒரு கணக்கு வைச்சிருக்கினம், கார் வெளிய நிக்கும். இருட்டினாப் பிறகு அந்த ரோட்டில அப்பில கார் பிடிக்கிறது பாடு, களைச்ச காலோட நீங்கள் நிக்கக்கூடாது.

ரூம் எடுக்கேக்கை உங்கட காலுக்குத்தான் முதலிடம் குடுங்கோ, பிள்ளையளுக்குக் குறை வந்திடும் எண்டு யோசிக்காதேங்கோ, நீங்கள் விழுந்தா அவையின்ர பயணமும் முடிஞ்சுது. லிஃப்ட் வேணும், வாசலில இருந்து லிஃப்டுக்கே நாலைஞ்சு படி ஏறவேண்டிய கட்டிடமும் இருக்கு, அதைக் கேளுங்கோ. பாத்ரூம் படம் அனுப்பச் சொல்லுங்கோ. குளிக்கிற இடம் உயரமான தொட்டியா இல்லாமல் சமதரையா இருக்கோ, பிடிக்கிறதுக்குக் கம்பி இருக்கோ, வழுக்கிற மாபிளோ எண்டு பாருங்கோ. காலைக் கழட்டி வைச்சுட்டுக் குளிக்க ஒரு பிளாஸ்டிக் கதிரை கேட்டா எந்த ஹோட்டலும் தரும். ஊன்றுகோலையும் கொண்டுபோங்கோ, இரவில எழும்ப உதவும். செயற்கைக் காலைத் தண்ணியில நனைக்கலாமோ எண்டு அதைச் செய்து தந்த இடத்தில கேட்டுட்டுப் போங்கோ, பார்க்குக்கும் முதலே கோல் எடுத்து எந்த ரைடில ஏறலாம் எண்டு விசாரியுங்கோ, அங்க வரிசையில நிண்டு எல்லாருக்கும் முன்னால விளக்கம் சொல்லவேண்டி வரக்கூடாது.

தண்ணி ரைடுக்கு நைலோன் மாதிரித் துணிதான் விடுவினம், பருத்திச் சட்டையோட இறங்க ஏலாது. வீட்டிலயே தைச்சோ வாங்கியோ கொண்டுபோங்கோ, பார்க் வாசலில விலை கூட. ஈரத்துணி காயப்போட பல்கனி உள்ள ரூம் கிடைச்சா நல்லம். காலம் எண்டு பாத்தா ஏப்ரல் லீவில சென்னை வெயில் நெருப்பு, டிசம்பர் மழைக்காலம். ஆகஸ்ட் பரவாயில்லை.

கேள்வி: மூண்டு குடும்பம், 14 பேர், வான் பிடிச்சு பண்டாரகம பேர்ள் பே போகப்போறம். வெள்ளி இரவு வெளிக்கிட்டு, சனி முழுக்கப் பார்க்கில நிண்டுட்டு, அண்டு இரவே திரும்பினா ரூம் காசு மிச்சம் எண்டு எங்கட ஆக்கள் சொல்லினம். சரிவருமோ?
ஒட்டுசுட்டான்

பதில்: வராது. இதில எனக்கு ரெண்டாவது பேச்சு இல்லை. ஒட்டுசுட்டானில இருந்து பண்டாரகம ஒரு பக்கம் 300 கிலோமீட்டருக்கு மேல. ஒரே சாரதி இரவு முழுக்க ஓடி, பகல் வெயிலுக்குள்ள வானில படுத்து, அடுத்த இரவும் ஓடவேணும். விடியப்புறம் மூண்டு நாலு மணிக்கு கண் சொருகிற நேரத்தில அவரின்ர கையில 14 உயிர். ஏ9 இலயும் புத்தளம் ரோட்டிலயும் இப்பிடி நித்திரைத் தூக்கத்தில மோதின வான் கதை எங்கட பக்கத்தில எல்லாருக்கும் தெரியும். மிச்சம் பிடிக்கிறதெண்டா சாப்பாட்டில பிடியுங்கோ, உடுப்பில பிடியுங்கோ, இதில வேண்டாம்.

நான் சொல்லுறது இதுதான். வெள்ளி விடிய வெளிக்கிட்டுப் பகலில போங்கோ, பின்னேரம் பாணந்துறை, வாதுவைப் பக்கம் தங்குங்கோ, அதில இருந்து பண்டாரகம கிட்ட. சனி பார்க், சனி இரவும் அங்கயே, ஞாயிறு விடியத் திரும்பிறது. ரூம் கேக்கேக்கை சாரதிக்கு ரூம் இருக்கோ எண்டு முதலாவதாக் கேளுங்கோ. கன ஹோட்டலில சாரதிமாருக்கெண்டு தனி இடம் வைச்சிருக்கினம், சிலதில சாப்பாட்டோட தருவினம். ஆனா அதைப் போய்ப் பாருங்கோ, காத்தாடி இல்லாத நுளம்பு கடிக்கிற மூலை எண்டா உங்கட ரூம் ஒண்டை அவருக்குக் குடுத்திட்டு நீங்கள் நெருங்கிப் படுங்கோ. அவர் வடிவாப் படுத்தாத்தான் நீங்கள் எல்லாரும் வீடு வந்து சேருவியள்.

விலை கட்டாட்டி வெள்ளவத்தையில நாள் வாடகைக்கு வீடு எடுக்கலாம், குசினியோட வரும், பெண்டுகள் மூண்டு பேரும் சேர்ந்து ஒரு சோறு கறி வைச்சா 14 பேரின்ர கடைச் சாப்பாட்டுக் காசு அப்பிடியே மிச்சம். ஆம்பிளையளும் தேங்காய் துருவலாம். வான் நிப்பாட்ட இடம் இருக்கோ எண்டு மட்டும் கேளுங்கோ, அந்த ஒழுங்கையளுக்குள்ள அது பெரிய கஷ்டம். அங்க நிண்டா ஹங்வெல்லப் பக்கத்து லெஷர் வேர்ல்டுக்கும் போகலாம், எந்தப் பார்க் எண்டு பிள்ளையளைக் கேட்டு முடிவெடுங்கோ.

வாதுவையில ரூம் கடற்கரையோட கிடைச்சா ஒரு எச்சரிக்கை. மே தொடங்கி செப்டெம்பர் மட்டும் மேற்குக் கடல் கொந்தளிப்பு, எங்கட முல்லைத்தீவுக் கடலைத் தெரிஞ்ச பிள்ளையள் எண்டாலும் அங்க இறங்க விடாதேங்கோ. போயா நாளோட சேர்ந்த லீவிலயும் போகவேண்டாம், ரூம் விலையும் சனமும் கூட.

கேள்வி: பிள்ளை, நான் பிரான்சுக்கு மகனிட்டப் போறன். பேரப்பிள்ளையளோட டிஸ்னி பாக்கப் போறமாம். மகன் லா கூர்னேவ் வீட்டில இருந்து போய் வருவம் எண்டுறான், மருமகள் ஒரு இரவு ஹோட்டலில நிப்பம் எண்டுறா. நான் என்ன சொல்லுறது?
மல்லாவி

பதில்: அம்மா, மருமகளின்ர பக்கம் நில்லுங்கோ. லா கூர்னேவில இருந்து ஆர்இஆர் பி எண்ட ரெயின் எடுத்து ஷாத்லே லே ஆலில இறங்கி, அதில ஆர்இஆர் ஏ மாறி கடைசி வரை போகவேணும். பாதை லேசுதான், ஷாத்லேயில சனமும் நடையும் உங்களுக்கு லேசில்லை. பார்க் அங்க ரெண்டு இருக்கு, ரெண்டையும் ஒரு நாளில பாக்க ஏலாது, இரவு வாணவேடிக்கை முடிய நேரம் போயிடும், அதுக்குப் பிறகு நித்திரையான பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரெண்டு ரெயின் மாறுறது பெத்த தாய்க்குத்தான் தெரியும். காலமை எழும்பி எல்லாருக்கும் சாப்பாடு கட்டிப் பிள்ளையளை உடுப்பாட்டுறதும் அவதானே.

காசு யோசிக்கினமெண்டா டிஸ்னியின்ர சொந்த ஹோட்டலில நிக்கத்தேவையில்லை. கடைசிக்கு முதல் ஸ்டேஷன் வால் தூரோப், அந்தப் பக்கம் குசினியோட குடும்ப ரூம் கிடைக்கும், விலை குறைவு, பார்க்குக்கு ஒரு ஸ்டேஷன். டிஸ்னி ஹோட்டலில நிண்டா மற்றச் சனத்துக்கு முதல் காலமை உள்ள விடுவினம், சின்னப் பிள்ளையளோட அது பெரிய உதவிதான், மகனிட்ட வசதி இருந்தா அதை எடுக்கட்டும். ஆர்இஆர் ஏ ஏறேக்கை பலகையில மார்ன் லா வல்லே ஷெஸி எண்டு போட்டிருக்கோ எண்டு பாக்கச் சொல்லுங்கோ, அந்த லைன் நடுவில பிரிஞ்சு வேற ஊருக்கும் போகுது.

உங்களுக்குக் கீழ்மாடி ரூம், இல்லாட்டி லிஃப்ட் உள்ள ஹோட்டல். டிசம்பர்ல போறதெண்டா ஹோட்டல் வாசலில இருந்து ஸ்டேஷன் மட்டும் எவ்வளவு நடை எண்டு கேளுங்கோ, இஞ்ச பத்து நிமிஷம் நடக்கிறதும் அந்தக் குளிரில பத்து நிமிஷம் நடக்கிறதும் ஒண்டில்லை. கம்பளி மேஸ் ரெண்டு சோடி போட்டுக்கொண்டு போங்கோ, சப்பாத்தை ஒரு அளவு பெருசா வாங்கச் சொல்லுங்கோ.